நர்ஸ் வேலையில இருக்கீங்களா? எஸ்.ஐ.பி போடுறதுக்கு முன்னாடி பே ஸ்லிப்பை எடுங்க

நம்ம சேனல்ல "முதல் சம்பளத்துல என்ன செய்யணும்"னு போட்ட வீடியோவைப் பார்த்துட்டு எங்க சித்தி பொண்ணு போன் பண்ணினா. மதுரைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில ஸ்டாஃப் நர்ஸ். பி.எஸ்சி நர்சிங் முடிச்சு, அதே இடத்துல நாலு வருஷம் மூணு மாசம் ஆச்சு.

"அண்ணே, மாசம் ரெண்டாயிரம் எஸ்.ஐ.பி போடலாம்னு இருக்கேன். நல்ல ஃபண்டா ஒண்ணு சொல்லுங்க."

"ஃபண்டு இருக்கட்டும்மா. பே ஸ்லிப் அனுப்பு, பார்த்துட்டு சொல்றேன்."

"பே ஸ்லிப்பா? அதெல்லாம் எங்க ஆஸ்பத்திரியில கேட்டாத்தான்ணே குடுப்பாங்க. நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

அன்னிக்கு எஸ்.ஐ.பி பேச்சு அங்கேயே நின்னுபோச்சு. நாலு வருஷமா ஒருத்தி ராத்திரி பகலா உழைச்சிருக்கா, தனக்கு எவ்வளவு சம்பளம், அதுல எது எங்க போகுதுன்னு ஒரு தடவைகூட காகிதத்துல பார்த்ததில்ல. அவளைத் தப்பு சொல்லலைங்க. நைட் டியூட்டி முடிச்சுட்டு வர்றவ தூங்குவாளா, ஹெச்.ஆர் ரூம் வாசல்ல நிப்பாளா? ஆனா நர்ஸ் வேலையில இருக்குற உங்களுக்கு, மியூச்சுவல் ஃபண்டுல 12 சதவீதம் வருமா 13 வருமாங்கறதைவிட பெரிய பணம் இந்த ஒரு காகிதத்துலதான் இருக்கு. அவ ஸ்லிப்பை வச்சே சொல்றேன். நீங்களும் உங்களுடையதை எடுத்து வச்சுக்கோங்க.

18,000 எப்படி 13,916 ஆச்சு?

வேலைக்குச் சேரும்போது இன்டர்வியூல சொன்னது "பதினெட்டாயிரம்". பேங்க்ல ஏறுறது ₹13,916. நடுவுல என்ன நடந்துச்சு?

அந்த 18,000 சி.டி.சி. அதாவது உங்களுக்காக நிர்வாகம் செலவு பண்ற மொத்தத் தொகை. அதுல நிர்வாகம் கட்ட வேண்டிய பி.எஃப் பங்கு ₹960, இ.எஸ்.ஐ பங்கு ₹537 ரெண்டும் அடங்கியிருக்கு. அதைக் கழிச்சா மொத்தச் சம்பளம் ஏறக்குறைய ₹16,500. இதுல அடிப்படையும் டி.ஏ-வும் சேர்த்து 8,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 5,000, வீட்டு வாடகைப் படி 2,500, போக்குவரத்துப் படி 1,000. இதுலேர்ந்து அவ பங்கு பி.எஃப் 960, இ.எஸ்.ஐ 124, ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் 1,500 பிடிச்சது போக, மீதி ₹13,916.

சி.டி.சி-னு சொல்லி இப்படிக் கணக்கு காட்டுறது தப்பில்ல, கேட்கத்தான் கடுப்பா இருக்கும். ஆனா சில இடங்கள்ல "மாசச் சம்பளம் 16,500"னு ஆர்டர்ல எழுதிட்டு, அதுலேர்ந்து ரெண்டு பேர் பங்கையும் சேர்த்துப் பிடிப்பாங்க. அது சட்டப்படி தப்பு. நிர்வாகத்தோட பங்கை உங்க சம்பளத்துலேர்ந்து எடுக்கவே கூடாது. உங்க ஸ்லிப்புல பி.எஃப் 12 சதவீதத்துக்குப் பதிலா 24 சதவீதம் பிடிச்சிருக்கான்னு பாருங்க. இ.எஸ்.ஐ-ல உங்க பங்கு மொத்தச் சம்பளத்துல 0.75 சதவீதம்தான். 3.25 சதவீதம் அவங்க பங்கு.

அந்த "ஸ்பெஷல் அலவன்ஸ்" எதுக்கு?

தங்கச்சி ஸ்லிப்புல என் கண்ணை உறுத்தினது இந்த 5,000தான். அடிப்படைச் சம்பளத்தைக் குறைச்சு வச்சு, மீதியை அலவன்ஸ்னு பேர் மாத்தினா நிர்வாகம் கட்ட வேண்டிய பி.எஃப் குறையும். 2019 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் இதைப் பத்தித் தெளிவா சொல்லிருச்சு. எல்லாருக்கும் ஒரே மாதிரி மாசாமாசம் கொடுக்குற அலவன்ஸ், பி.எஃப் கணக்குக்கு அடிப்படைச் சம்பளத்தோட சேரும். அப்படிப் பார்த்தா அவளுக்கு 13,000-க்கு பி.எஃப் பிடிச்சிருக்கணும். மாசம் 960 இல்ல, 1,560.

இதுல நேர்மையா ஒண்ணு சொல்லணும். அவ பங்குல குறைஞ்ச 600 அவ கையிலேயேதான் இருந்துச்சு, அதை நட்டம்னு சொல்ல முடியாது. நிர்வாகம் கட்டாம விட்ட 600தான் நட்டம். இதே மாதிரி எட்டு வருஷம் ஓடினா வட்டி இல்லாமலே ₹57,600. இதுல ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகும்னாலும் அதுவும் அவ பணம்தானே.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்திருக்கு. அதுல 'ஊதியம்'ங்கற வார்த்தைக்கே புது விளக்கம் இருக்கு. வாடகைப் படி, போக்குவரத்துப் படி மாதிரி விலக்கு கொடுத்த படிகள் மொத்தத்துல பாதிக்கு மேல போனா, கூடுதல் பகுதியும் ஊதியமாவே எண்ணப்படும். எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். "வாய்மொழியாத்தான் சொன்னாங்க"ங்கற நிலைமையில இருக்குறவங்க முதல்ல அந்தக் கடிதத்தைக் கேளுங்க.

இன்னொரு வேலை. உங்க யு.ஏ.என் நம்பரை வச்சு பி.எஃப் பாஸ்புக்கைத் திறங்க. உமாங் ஆப்லயும் பார்க்கலாம். தங்கச்சியை உட்காரவச்சு திறந்தோம். நாலு வருஷத்துல ஏழு மாசத்துக்குப் பணமே ஏறலை! சம்பளத்துல பிடிச்சிருக்காங்க, ஆனா கட்டலை. "ஸ்லிப்புல பிடிச்சதுன்னு போட்டிருக்கேண்ணே"னு திரும்பத் திரும்பச் சொன்னா. ஸ்லிப்புல இருக்கும்மா, பாஸ்புக்ல இல்லையே. பிடிச்ச பி.எஃப்-ஐக் கட்டாம வச்சிருக்குறது சாதாரணத் தாமதம் இல்ல. நிர்வாகம் வட்டியும் அபராதமும் கட்டணும். தொழிலாளி பங்கைப் பிடிச்சுட்டுக் கட்டாம விட்டா கிரிமினல் வழக்கு வரைக்கும் போகும்.

வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப்-ஐ உருவி ஸ்கூட்டிக்கு டவுன் பேமென்ட் கட்டுற பழக்கம் நம்ம சிஸ்டர்ஸ்கிட்ட ரொம்ப இருக்கு. கோவிச்சுக்காதீங்க, அதை விட்டுடுங்க. பென்ஷனுக்கு மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேணும். எடுத்துட்டா அந்தக் கணக்கு திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். அதுவும் இல்லாம பி.எஃப் உறுப்பினரா இருக்குற வரைக்கும் இ.டி.எல்.ஐ-னு ஒரு ஆயுள் காப்பீடு ₹7 லட்சம் வரைக்கும் இருக்கு. அதுக்கு நீங்க ஒரு பைசா கட்ட வேண்டாம்.

ராத்திரி எட்டுலேர்ந்து காலையில எட்டு

மாசத்துல ஒரு வாரம் அவளுக்கு நைட். ராத்திரி எட்டு மணிக்கு உள்ள போனா காலையில எட்டுக்குத்தான் ஹேண்ட் ஓவர். பகல் டியூட்டி சிஸ்டர் லேட்டா வந்தா ஒன்பதரை. தொடர்ந்து ஆறு ராத்திரி, அப்போ 72 மணி நேரம். சட்டப்படி வாரத்துக்கு 48. மிச்சம் 24 மணி நேரத்துக்கு என்ன தர்றாங்க? ஒரு நைட்டுக்கு நூறு ரூபாய் அலவன்ஸ், ஒரு டீ.

இப்போ கணக்கு. 16,500-ஐ 26 நாளால, அப்புறம் 8 மணி நேரத்தால வகுத்தா, ஒரு மணி நேரத்துக்கு சுமார் ₹79. ஓவர்டைமுக்கு சாதாரண ஊதியத்தைப் போல ரெண்டு மடங்குக்குக் குறையாம தரணும்னு ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்லுது. 24 மணி நேரத்துக்குப் போட்டா ஏறக்குறைய ₹3,800. அவ கைக்கு வந்தது 600. மாசம் 3,200 போகுது. அவ எஸ்.ஐ.பி போடணும்னு நினைச்ச பணத்தைவிட இது அதிகம்!

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-லேயே நர்சுகளுக்குன்னு தனியா ஒரு உடன்படிக்கை கொண்டுவந்துச்சு, எண் 149. கூடவே வந்த பரிந்துரையில, ஒரு ஷிப்ட்டுக்கும் அடுத்த ஷிப்ட்டுக்கும் நடுவுல குறைஞ்சது 12 மணி நேரம் தொடர்ச்சியா ஓய்வு வேணும்னு இருக்கு. ஈவினிங் டியூட்டி முடிச்சு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து, மறுநாள் காலையில ஏழு மணிக்கு ஓடுறவங்க விரல்விட்டு எண்ணிப் பாருங்க. இந்தியா அந்த உடன்படிக்கையில கையெழுத்துப் போடலை.

"கேட்டா வேலை போயிடும்"னு நீங்க சொல்றது கேட்குது. உடனே போய் சண்டை போடச் சொல்லலை. டியூட்டி லிஸ்ட்டை மாசாமாசம் போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க. எத்தனை மணிக்கு உள்ள போனீங்க, எத்தனை மணிக்கு வெளிய வந்தீங்கன்னு ஒரு டைரியில ரெண்டு வரி. பின்னாடி தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டி வந்தா, வாய்ப்பேச்சைவிட இதுக்குத்தான் மதிப்பு. தமிழ்நாட்டுல மருத்துவமனைகளும் நர்சிங் ஹோம்களும் குறைந்தபட்ச ஊதியப் பட்டியல்ல இருக்குற தொழில்தான். சின்ன கிளினிக்ல இருக்குறவங்க அந்தப் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. வருஷாவருஷம் ஏப்ரல்ல டி.ஏ மாறும்.

20,000-னு ஒரு நம்பர் எங்கேயோ கேட்டிருப்பீங்களே?

ஆமா, அது உண்மையான நம்பர்தான். நர்சுகள் சங்கம் போட்ட வழக்குல 2016 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு ஒரு நிபுணர் குழு அமைச்சுது. 200 படுக்கைக்கு மேல இருக்குற தனியார் மருத்துவமனையில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம். 100-க்கு மேல இருந்தா அதைவிட 10 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது. 50-லேர்ந்து 100-ன்னா 25 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது. 50-க்குக் கீழ இருந்தாலும் ₹20,000-க்குக் கீழ போகவே கூடாது. இதுதான் குழு சொன்னது.

பிரச்சினை என்னன்னா, இது பரிந்துரை. மாநிலம் சட்டமா, ஆணையா மாத்தினாத்தான் கட்டாயம். கேரளாவுல 2011-லேர்ந்து நர்சுகள் தெருவுக்கு வந்து போராடி, கடைசியில 2018 ஏப்ரல்ல குறைந்தபட்சச் சம்பளம் ₹20,000-னு அரசாணை வாங்கினாங்க. நம்ம பக்கம் அரசு வேலையிலேயே நிலைமை எப்படி இருந்துச்சுன்னா, 2015-ல எம்.ஆர்.பி தேர்வு எழுதி ஒப்பந்தத்துல சேர்ந்த நர்சுகளுக்கு மாசம் ₹7,700. அப்புறம் 14,000, அப்புறம் 18,000. ரெண்டு வருஷத்துல காலமுறை ஊதியம்னு நம்பிச் சேர்ந்தவங்க 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ் வளாகத்துல உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அரசே இப்படிக் கொடுத்தா தனியார்க்காரங்க என்ன கொடுப்பாங்கன்னு நான் தனியா சொல்லணுமா!

ஊசி குத்திருச்சுன்னா கையைக் கழுவிட்டு விட்டுடாதீங்க

நோயாளிக்குப் போட்ட ஊசி உங்க கையில குத்துறது வேலையில ஏற்பட்ட காயம். அன்னிக்கே எழுத்துல ரிப்போர்ட் பண்ணுங்க. இன்சார்ஜ் சிஸ்டர் "பரவால்ல, ஹெச்.ஐ.வி நெகட்டிவ் பேஷண்ட்தான்"னு சொன்னாலும் எழுதுங்க. தடுப்பு மருந்து தேவைன்னா 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பணம்னு பார்த்தா, வேலைக் காயத்தால லீவு எடுத்தா இ.எஸ்.ஐ-ல சம்பளத்துல 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண உடம்பு சரியில்லாத லீவுக்கு 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். மருத்துவமனை வேலையில ஒட்டிக்கிட்ட தொற்றுநோய்க்கும் தொழில்சார் நோய்ப் பட்டியல்ல இடம் இருக்கு. ஆனா பதிவேட்டுல எழுதாத ஊசிக்கு எந்த ஆபீசுலயும் பதில் கிடைக்காது.

இப்போ தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன்

ஸ்லிப்பைப் பார்த்த அதே வாரம் அவளுக்கு இன்னொரு மருத்துவமனையிலேர்ந்து ஆஃபர் வந்துச்சு. மொத்தச் சம்பளம் ₹22,000. ஒரு மாசத்துல சேரணும். "கிராஜுட்டிக்கு அஞ்சு வருஷம் ஆகணுமாம்ணே, இன்னும் ஒன்பது மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடவா?"ன்னு கேட்டா.

அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்தாலே அஞ்சு வருஷம்னு எடுத்துக்கலாம்னு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கு. அதை வச்சா அவ இன்னும் அஞ்சு மாசம் இருந்தாப் போதும். கிராஜுட்டி கணக்கு: கடைசி ஊதியம் × 15 ÷ 26 × வருஷம். அடிப்படை 8,000-ஐ வச்சா ₹23,077. புது வரையறைப்படி ஸ்பெஷல் அலவன்ஸையும் சேர்த்து 13,000-ன்னு வாதாடினா ₹37,500. நிர்வாகம் எதை வச்சுப் போடும்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம், புது வேலையில மாசம் 5,500 கூடுதல். அஞ்சு மாசத்துக்கு ₹27,500, அதுக்கு அப்புறமும் வந்துக்கிட்டே இருக்கும். கிராஜுட்டிக்காகவே காத்திருக்கச் சொல்லி நான் நிறைய பேருக்குச் சொல்லியிருக்கேன். இவளுக்குச் சொல்லலை. (குறிப்பிட்ட கால ஒப்பந்தத்துல இருக்குறவங்களுக்குப் புதிய தொகுப்புல ஒரு வருஷத்துக்கே கிராஜுட்டி உண்டு. அதனால உங்க ஆர்டர்ல என்ன போட்டிருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.)

ஆனா நான் தயங்கினது வேற இடத்துல. அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். சம்பளம் 21,000-ஐத் தாண்டினா இ.எஸ்.ஐ கிடையாது. இ.எஸ்.ஐ-ல இருந்தா பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வெளிய வந்தாலும் மகப்பேறு சட்டப்படி அதே 26 வாரத்தைப் புது நிர்வாகமே தரணும், பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருந்தாப் போதும். சட்டம் அப்படி. நடைமுறையில "கன்சீவ் ஆனா ரிசைன் பண்ணிடுங்க"ன்னு சொல்ற மேட்ரன்களும் இருக்காங்க. கர்ப்பமா இருக்குறதுக்காக வேலையை விட்டு எடுக்குறது சட்டவிரோதம்னு தெரிஞ்சும் நிறைய பேர் எழுதிக் கொடுத்துட்டு வந்துடுறாங்க. எழுதிக் கொடுத்துட்டா அது 'நீக்கம்' இல்ல, 'ராஜினாமா'. அந்த ஒரு கையெழுத்துல ஆறு மாசச் சம்பளம் போயிடும். அதனால மகப்பேறு விடுப்பு பத்தி ஆஃபர் லெட்டர்லயே ஒரு வரி போடச் சொல்லிக் கேட்க வச்சேன். போட்டுக் கொடுத்தாங்க. கூடவே ஒரு மெடிக்கல் பாலிசியும் எடுத்தாச்சு. ஆனா பிரசவச் செலவுக்கு அதுல காத்திருப்புக் காலம் இருக்கு, அதை நம்பி இருக்க முடியாது.

கடைசித் தடை ஒரிஜினல் சர்டிபிகேட். சேரும்போது ரெண்டு வருஷ பாண்ட், அதுக்கு ஈடா மார்க் ஷீட், டிகிரி, கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் வாங்கி வச்சிருந்தாங்க. பாண்ட் முடிஞ்சே ரெண்டு வருஷம் ஆச்சு. இவ கேட்கலை, அவங்க தரலை. பாண்ட் எதுவுமே செல்லாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2025-ல ஒரு பொதுத்துறை வங்கி வழக்குல ₹2 லட்சம் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. நியாயமான தொகையை நிர்வாகம் கேட்கலாம். ஆனா அதுக்காக உங்க படிப்புச் சான்றிதழை அடகுப் பொருள் மாதிரி பூட்டி வைக்க உரிமை கிடையாது. சான்றிதழ் சந்தைப் பொருள் இல்லைன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. வழக்கமா எல்லாரும் "பாஸ்போர்ட் எடுக்கணும் சார்"னு பொய் சொல்லித்தான் வாங்குவாங்க. இவளும் அதைத்தான் யோசிச்சா. வேண்டாம்னு சொல்லி, சேர்ந்த தேதி, பாண்ட் முடிஞ்ச தேதி, கொடுத்த ஆவணங்களோட பட்டியல், எந்தத் தேதிக்குள்ள வேணும்னு நாலு வரி ஈமெயில் போட வச்சேன். ஒன்பதாவது நாள் கவர்ல போட்டுக் கொடுத்துட்டாங்க. அதுக்கு அடுத்த நாள்தான் ராஜினாமா கடிதம் கொடுத்தா. இந்த வரிசை மாறக் கூடாது.

வளைகுடாவுக்குப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. இமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவைப்படுற நாடுகளுக்கு நர்ஸ் வேலைன்னா, தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மாதிரி அனுமதி பெற்ற அமைப்புகள் வழியா மட்டும் போங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் ₹30,000, மேல ஜி.எஸ்.டி. மூணு லட்சம் கேட்குறவருக்கு நகையை அடகு வைக்காதீங்க. இதைப் பத்தி தனி வீடியோ வருது.

தங்கச்சி புது இடத்துல சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. கட்டாத ஏழு மாச பி.எஃப்-க்கு பி.எஃப் அலுவலகத்தோட குறைதீர் தளத்துல புகார் போட்டோம், ஸ்லிப் காப்பியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இணைச்சு. போன வாரம் பாஸ்புக்கைத் திறந்தா நாலு மாசம் ஏறியிருக்கு. மீதி மூணு மாசத்துக்கு நினைவூட்டல் அனுப்பியிருக்கோம். எஸ்.ஐ.பி பத்தி நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசலை.